அபராதம் கட்டினால் குற்றம் தீருமா?

கடைக்காரன் பிழைவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். ஊருக்கே ஒரு குழாய்தான் என்றால் மக்கள் எங்கே போவார்கள்? 1989ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நீர் விநியோகமும் கழிவுநீர் அகற்றலும் தனியார் கம்பனிகளின் கைக்கு மாறியபோது, அவற்றைக் கண்காணிக்க அரசு அமைப்புகளும் ஏற்படுத்தப்பட்டமை இதனாற்றான். இலண்டனில் வாழும் நம் உறவினர் வீடுகளுக்கு வருவதும் இத்தகைய கம்பனிகளின் தண்ணீரே.

நடந்தது என்ன? 2021 ஜூலையில் 'சதேர்ன் வோட்டர்' கம்பனிக்கு நீதிமன்றம் 90 மில்லியன் பவுண் அபராதம் விதித்தது. 2010 முதல் 2015 வரை தென் இங்கிலாந்தின் கரையோர நீரில், சுத்திகரியாத கழிவுநீரை 6,971 தடவைகள் சட்டவிரோதமாகத் திறந்துவிட்டார்கள். தெரிந்தே செய்த குற்றம் என்று நீதிபதி கண்டார். 2025 மே மாதத்தில் 'தேம்ஸ் வோட்டர்' கம்பனிக்கு 122.7 மில்லியன் பவுண் அபராதம். கழிவுநீர்க் குறைபாடுகளோடு, முறைதவறிப் பங்குலாபம் வழங்கியதும் அதற்குக் காரணம்.

அன்பான வாசகரே, அபராதம் என்ற சொல் நமக்குப் புதிதன்று. பாவசங்கீர்த்தனத்தில் குருவானவர் விதிப்பதையும் நம் முன்னோர் அபராதம் என்றே அழைத்தனர். ஆனால் அதற்கு முன்னே மனஸ்தாபமும், இனிச் செய்யேன் என்ற பிரதிக்கினையும் வேண்டும். அவையின்றிப் பணம் மட்டும் கட்டுகிறவன் பாவத்துக்கு விலை கொடுக்கிறான். பழுதைத் திருத்தும் செலவைவிட அபராதம் குறைவென்றால், கணக்கப்பிள்ளை அதையும் செலவுப் பக்கத்தில் எழுதிவிடுவார்.

கம்பனிக்கு ஆத்துமா இல்லை; அது மனஸ்தாபப்படாது. கழிவைத் திறந்துவிட்டவருக்கும், திறக்கச் சொன்னவருக்கும் ஆத்துமா உண்டு. 2025இல் பிரித்தானியா இயற்றிய சட்டம், விசாரணைக்குத் தடைசெய்யும் நிர்வாகிகளுக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்கு இடமளிக்கிறது. குற்றம் ஆளுக்குரியது என்பதைச் சட்டமும் உணரத் தொடங்கிவிட்டது.

சட்டத்தால் மனிதனை மனந்திரும்பச் செய்ய முடியுமா? முடியாது. ஆயினும் ஆற்று மீனும் கடலில் குளிக்கும் குழந்தையும் நிர்வாகிகளின் மனமாற்றத்துக்காகக் காத்திருக்க இயலாது. ஆகவே கண்டிப்பான சட்டம் வேண்டும். அதைச் செயற்படுத்தும் நெஞ்சுரமும் வேண்டும். குடிநீர் மனிதனின் அடிப்படை உரிமை என்று காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார்.

இன்னொன்று. இக்கம்பனிகளின் பங்குகளை வாங்கியவர்களுள் ஓய்வூதிய நிதிகளும் உண்டு. எனவே அந்த இலாபம் சாதாரணக் குடும்பங்களின் மேசைக்கும் வருகிறது. சக்கேயு தன் பணம் எவ்வழியாக வந்தது என்று தானே கணக்குப் பார்த்தான். எவரும் அவனை வற்புறுத்தவில்லை. நம் சேமிப்புக்கு வட்டி எங்கிருந்து வருகிறதென்று நாம் எப்போதாவது கேட்டதுண்டா?