காவலுக்கு எந்த வீட்டுச் சோறு?

சென்னையில் ஏற்றிய சரக்கு போர்ட் பிளேரின் ஹேடோ துறையில் இறங்குவதற்கு ஏறத்தாழ மூன்று நாள் கடலில் வர வேண்டும். 2024 செப்டம்பரில் நகரத்துக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். தூரம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஸ்பீக்கர் எரிந்தால் சென்னை ரிச்சி தெருப் பக்கம் குடியிருப்பவர் சாயங்காலத்துக்குள் வேறொன்று வாங்கிவிடுவார். ஹேடோவில் ஆம்ப்ளிஃபயரைத் தானே கட்டிக்கொள்பவருக்கு அந்த வசதி கிடையாது. அங்கே ஆம்ப் போர்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு காவல் போர்டு வைப்பது வெறும் ஆடம்பரமாகாது.

வைக்கலாம் என்று முடிவெடுத்ததும் அடுத்த கேள்வி வரும். அந்தக் காவல் போர்டுக்குக் கரண்ட் எங்கிருந்து கொடுப்பது? ஆம்ப் ஓடும் அதே சப்ளையிலிருந்தா, தனியாக ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் வைத்தா? காவல்காரன் தான் காக்கும் வீட்டிலேயே சோறு தின்னலாமா என்ற இந்தச் சங்கடம் சால்டரிங் மேஜையில் புதிதாகப் பிறந்ததில்லை. அறிவைப் பற்றி இந்தியத் தத்துவவாதிகள் நூற்றாண்டுக் கணக்கில் போட்ட சண்டை ஒன்றின் நடுவிலும் இதுவே உட்கார்ந்திருக்கிறது.

முதலில் ஆபத்து எவ்வளவு என்று பார்த்துவிடலாம். பிளஸ் 50, மைனஸ் 50 வோல்ட்டில் ஓடும் ஓர் ஆம்ப். நல்ல நிலையில் அதன் அவுட்புட்டில் நேர்மின்னழுத்தம் (டிசி) சுழியை ஒட்டியே நிற்கும். பவர் டிரான்சிஸ்டர் போனால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் போகும். அப்போது 50 வோல்ட்டும் நேராக ஸ்பீக்கரில் இறங்கும். 8 ஓம் ஸ்பீக்கரின் வாய்ஸ் காயிலில் மீட்டரை வைத்தால் 6 ஓம் அளவில் காட்டும். கணக்குப் போட்டால் 8 ஆம்பியருக்கு மேல் கரண்ட், 400 வாட்டுக்கு மேல் சூடு. கூம்பு ஒரே பக்கமாகத் தள்ளப்பட்டு அசையாமல் நிற்பதால் காயிலுக்குக் காற்றும் கிடைக்காது. கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் கருகும் வாடை வரும்.

இதைத் தடுப்பது ஒரு ரிலே. என்இசி நிறுவனத்தின் யுபிசி1237 என்ற எட்டுக் கால் ஐசியைச் சுற்றிக் கட்டிய போர்டுகள் கட்டுவோர் மத்தியில் வெகு பிரபலம். ஸ்விட்சைப் போட்டதும் அது சில நொடி பொறுத்திருக்கும். அவுட்புட்டில் நேர்மின்சாரம் இல்லையென்றால் ‘க்ளிக்’ என்று ரிலே மூடும், பாட்டு வரும். பிறகு எப்போது நேர்மின்சாரம் தலைகாட்டினாலும் ரிலே விழுந்துவிடும்.

ரிலேயின் காயில் 24 வோல்ட், 1,200 ஓம் என்றால் அதற்கு 20 மில்லிஆம்பியர் போதும். ஆம்பின் 50 வோல்ட்டிலிருந்தே எடுப்பதானால் மீதி 26 வோல்ட்டை ஒரு 1,300 ஓம் ரெசிஸ்டர் தாங்கிக்கொள்ளும். அதில் அரை வாட்டுக்குச் சற்று மேல் சூடாகும். 2 வாட் ரெசிஸ்டர் போட்டால் கவலையில்லை. சில ரூபாயில் வேலை முடிந்தது. ஆனால் சந்தேகப் பிராணிகள் விடமாட்டார்கள்: “சப்ளையே போய்விட்டால் காவலும் சேர்ந்து போய்விடுமே?” சரி, தனி டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். அதன் ஃப்யூஸ் போனால்? அதைக் கவனிக்க இன்னொரு சர்க்யூட் வேண்டும். அதற்குச் சப்ளை?

நாகார்ஜுனர் பிடித்தது இந்த வாலைத்தான். கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் அந்தப் பௌத்தர், ‘விக்ரகவ்யாவர்த்தனி’ என்ற நூலில் நியாய தரிசனத்தாரான நியாயவாதிகளை மடக்குகிறார். பொருள்களை நிறுவுவது பிரமாணங்கள், அதாவது காட்சி, அனுமானம் முதலான அளவைகள் என்றால், அந்த அளவைகளை நிறுவுவது எது? இன்னொரு அளவை என்றால் அதற்கு மற்றொன்று வேண்டும். வரிசைக்கு முடிவே இருக்காது. தர்க்கத்தில் இதற்கு அனவஸ்தை என்று பெயர். அளவைகளுக்கு மட்டும் ஆதாரம் வேண்டாம் என்றால், அந்தச் சலுகை மற்றவற்றுக்கு ஏன் இல்லை?

இது வடக்கே மட்டும் நடந்த வழக்கென்று தள்ள முடியாது. மணிமேகலை வஞ்சியில் சமயவாதிகளிடம் கேள்வி கேட்கும்போது முதலில் பேசுகிறவன் அளவைவாதி. பிறகு காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குப் பௌத்த அளவை நெறியையே விரிவாகப் போதிக்கிறார். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் ‘சிவஞான சித்தியா’ரின் சுபக்கத்தில் இறைவனைப் பற்றி வாதிடுமுன் அளவை இயலைத்தான் வைத்தார். எதைக் கொண்டு அளக்கிறோம் என்று சொல்லாமல் கடவுளைப் பற்றிப் பேசுவது அக்காலத்தில் ஒழுங்கான வாதமாக எண்ணப்படவில்லை.

அனவஸ்தையிலிருந்து தப்ப மீமாம்சைத் தத்துவப் பள்ளியினர் ஒரு வழி சொன்னார்கள். 7-ஆம் நூற்றாண்டின் குமாரில பட்டர் வாதம் இது: முதல் அறிவு சரியென்று காட்ட இரண்டாவது வேண்டுமானால், இரண்டாவதற்கு மூன்றாவது வேண்டும், ஆகவே எந்த அறிவையும் தன்னளவிலேயே செல்லும் என்று ஏற்றுக்கொள், குற்றம் தெரிந்தால் தள்ளு. நியாயவாதிகள் இதை ஒப்பவில்லை. தூரத்தில் தெரிவது தண்ணீரா கானலா என்பது போய்க் குடித்துத் தாகம் தீர்ந்த பிறகே உறுதியாகும் என்றார்கள்.

ரிலே பாஷையில் சொன்னால், குமாரிலரின் ரிலே மூடியபடியே பிறக்கிறது. பழுது கண்டால் திறக்கும். நியாயவாதியின் ரிலே சோதனை தேறிய பிறகு மூட வேண்டும். ஆனால் அவருக்கும் ஒரு சிக்கல் உண்டு: தண்ணீரைச் சோதிக்க, சந்தேகத்தோடேயே எழுந்து நடந்தாக வேண்டும். ஸ்பீக்கரிடம் “குடித்துப் பார்த்துச் சொல்” என்று சொல்ல முடியாது. அதனால்தான் காவல் போர்டு அந்தச் சில நொடி நேரம் ஸ்பீக்கரை வெளியே நிறுத்திவிட்டு, ஆம்பைத் தான் மட்டும் பார்க்கிறது.

இந்த இடத்தில் சப்ளைக் கேள்விக்கு விடை வருகிறது, சர்க்யூட்டிலிருந்தே வருகிறது. ரிலே மூடி நிற்கத்தான் கரண்ட் வேண்டும். விழுவதற்கு எதுவும் வேண்டாம், உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். ஆகவே காவலின் சோறு நின்றால் ஸ்பீக்கர் துண்டிக்கப்படும். பிளஸ் பக்கத்து ஃப்யூஸ் போய், அவுட்புட் மைனஸ் பக்கம் சாய்கிறது என்று வையுங்கள். பிளஸ்ஸிலிருந்து ஊட்டப்பட்ட காவல் போர்டு பட்டினியில் விழும், ஸ்பீக்கர் பிழைக்கும். மைனஸ் ஃப்யூஸ் போனால் காவல் விழித்திருந்து நேர்மின்சாரத்தைப் பார்த்துத் துண்டிக்கும். இரண்டிலும் ஒரே முடிவு. காவலின் பலம் எங்கிருந்து வருகிறது என்பதைவிட, பலம் போகும்போது அது எந்தப் பக்கம் விழுகிறது என்பதே பெரிய விஷயம். அந்தப் பக்கத்தைச் சரியாக அமைத்துவிட்டால் காவலுக்குக் காவல் தேடும் வரிசை முதல் படியிலேயே நிற்கும்.

ரயில்வே இதை உயிர்களைக் கொடுத்துக் கற்றது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் செய்த முதல் பிரேக்கில் காற்றை அனுப்பினால் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்தால் பிடிக்காது. 1872-இல் அதைத் தலைகீழாக்கினார். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகி நிற்கும், அழுத்தம் போனால் பிடித்துக்கொள்ளும். அயர்லாந்தின் ஆர்மாவில் 1889 ஜூன் 12 அன்று ஓடிய சுற்றுலா ரயிலில் தானாகப் பிடிக்காத வகைப் பிரேக்தான் இருந்தது. மேட்டில் கழற்றிய பெட்டிகள் பின்னோக்கி உருண்டு அடுத்து வந்த ரயிலில் மோதின; சுமார் 80 பேர் இறந்தார்கள். அதே ஆண்டில் தானியங்கிப் பிரேக் சட்டமாயிற்று.

ஆனால் எல்லா இடத்திலும் ‘விழுந்தால் நல்லது’ என்று இருக்க முடியாது. 2011 மார்ச் 11 அன்று ஃபுகுஷிமாவில் ஓடிக்கொண்டிருந்த அணு உலைகள் நிலநடுக்கம் வந்ததும் சொன்னபடி நின்றன. நின்ற உலைக்கும் குளிர்ச்சி வேண்டும். அதற்குக் கரண்ட் வேண்டும். அவசர ஜெனரேட்டர்கள் ஒன்றுக்கு மேல் இருந்தும், பெரும்பாலானவை ஒரே கடல்நீரில் மூழ்கின. உயரமான இடத்தில் இருந்த, காற்றால் குளிரும் ஒரு ஜெனரேட்டர் தப்பியதால் 5, 6-ஆம் உலைகள் பிழைத்தன. இங்கே தனி டிரான்ஸ்ஃபார்மர் கட்சி சொல்வதே சரி. தனி என்றால் உண்மையிலேயே தனியாக, வேறு மேட்டில் இருக்க வேண்டும்.

அந்தமானுக்கும் இது பொருந்தும். பெருநிலத்து மின்தொடர் இங்கே எட்டவில்லை; தீவுகள் பெரும்பாலும் டீசலில் ஓடுகின்றன. நெய்வேலி என்எல்சி நிறுவனம் போர்ட் பிளேரில் அமைத்த 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்தோடு 8 மெகாவாட் மணி பேட்டரியும் சேர்ந்திருக்கிறது. மேகம் மறைத்தால் விலகிக்கொள்வதற்காக அந்தப் பேட்டரியை வைக்கவில்லை. தாங்கிப் பிடிக்க வைத்தார்கள். மௌனம் மலிவாக இருக்கும் இடத்தில் நியாயவாதியின் கறார் பொருந்தும். மௌனமே கேடாகும் இடத்தில் குமாரிலரின் தாராளம். எதை இழப்போம் என்று எண்ணிப் பார்க்காமல் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

அருணந்தியின் வழிவந்த சைவ சித்தாந்திகள் இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறார்கள். ஐயமும் திரிபும் நீங்கிய ஆன்மாவின் சிற்சத்தியே அளவை என்பது அவர்கள் கொள்கை. ஆனால் அந்த ஆன்மா தானாகக் காண்பதில்லை. கண் காண உயிர் வேண்டும். உயிர் காண இறைவனின் காட்டும் உபகாரமும் காணும் உபகாரமும் வேண்டும். அளப்பவன் பிறர் சோற்றில்தான் நிற்கிறான், அதில் குறையொன்றுமில்லை என்று ஒப்புக்கொள்ளும் தத்துவம் இது. தனித்து நிற்கும் சாட்சியைத் தேடி அலைபவருக்கு இந்த ஒப்புதல் உறுத்தலாம். 1,300 ஓம் ரெசிஸ்டர் போட்டவருக்கு அவ்வளவாக உறுத்தாது.

சார்ந்திருப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்விட்சை அணைத்த பிறகும் ஆம்பின் பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரம் கொஞ்ச நேரம் தங்கும். அதையே தின்னும் காவல் தானும் உயிரோடிருந்து, ஆம்ப் அடங்கும்போது போடும் ‘டுப்’, ‘கர்’ எல்லாவற்றையும் ஸ்பீக்கருக்குள் விடும். அதனால் யுபிசி1237-இன் ஒரு கால் டிரான்ஸ்ஃபார்மரின் ஏசி பக்கத்தை நேராகப் பார்க்கிறது. ஏசி போனதும், மிச்சச் சோறு இருந்தாலும், ரிலே விழும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு ஓட்டை இருக்கிறது. 50 வோல்ட் நேர்மின்சாரத்தைத் துண்டிக்கும்போது ரிலேயின் முனைகளுக்கிடையே தீப்பொறி நீளும். முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங்கால் பிரிக்க முடியாது. காவல் தவறான பக்கம் விழும் வழி இது. விவரம் தெரிந்தவர்கள் ரிலேயின் ஓய்வு முனையைக் கிரவுண்டில் சேர்ப்பார்கள். தீப்பொறி அந்த வழியே போய் ஃப்யூஸை அடிக்கும்.

ஆகவே சோதனை வேண்டும். நாகார்ஜுனருக்கு நியாயவாதிகள் தந்த பதில்களில் ஒன்று தராசு: தராசால் தங்கத்தை நிறுக்கிறோம், எடை தெரிந்த தங்கத்தால் தராசையும் சரிபார்க்கிறோம், முடிவில்லாத வரிசை தேவைப்படவில்லை. கட்டுகிறவர்களிடம் எடை தெரிந்த தங்கமாக 9 வோல்ட் பேட்டரி இருக்கிறது. ஸ்பீக்கரையும் ஆம்ப் அவுட்புட் வயரையும் கழற்றிவிட்டு, போர்டின் இன்புட்டில் அதைத் தொட்டால் ரிலே விழ வேண்டும். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். பேட்டரியைத் திருப்பி, மைனஸ் முனையையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஐசிக்குப் பதில் தனி டிரான்சிஸ்டர்களால் கண்டறியும் போர்டில் ஒன்று தவறாகப் பற்றவைக்கப்பட்டிருந்தால் பிளஸ்ஸுக்கு விழும் ரிலே மைனஸுக்கு அசையாமல் நிற்கும்.