எவ்வுள்?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருமழிசையாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாஸனம் செய்தருளிய திருஎவ்வுள், அதாவது திருவள்ளூர், அப்பெயர் பெற்ற வரலாறு பாகவதர்கள் அறிந்ததே. ஓராண்டு உபவாஸமிருந்த சாலிஹோத்ர மஹரிஷி, தமக்கென வைத்திருந்த மாவையும் பசி தீராத முதியவருக்கு ஸமர்ப்பித்தார். உண்டவர், "படுக்க எவ்வுள்?" என்று வினவ, மஹரிஷி தம் பர்ணசாலையையே காட்டினார். அங்கே எம்பெருமானாய்ச் சயனித்தருளினான்.

‘உள்’ என்றது அறையை மட்டுமோ? நெஞ்சையும் சொல்லும்.

அடியோம் வங்கிப் பணியிலிருந்த காலத்தில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையின் ஈட்டுச் சரக்கை நேரில் பாராமலே, பார்த்ததாகக் கையொப்பமிட்டோம். கடன் முழுதும் திரும்பி வந்தது. தணிக்கையிலும் குறை தென்படவில்லை. "யாருக்கு நஷ்டம்?" என்று புத்தி இன்றும் எமக்காக வாதாடுகிறது. ஆயினும் அன்று கிடங்கின் வாசலையும் மிதிக்கவில்லை என்பதை உள்ளிருப்பவன் அறிவான். புத்தி வக்கீல், அந்தர்யாமி ஸாக்ஷி. வக்கீலை நாம் அமர்த்திக்கொள்ளலாம், ஸாக்ஷியை மாற்றவொண்ணாது.

இத்தலத்துத் தீர்த்தத்திற்கு ஹ்ருத்தாபநாசினி என்று திருநாமம்; நெஞ்சின் தாபத்தைப் போக்குவது என்றபடி. தை அமாவாஸ்யையில் அதன் கரையில் நிற்கும்போதாவது அந்த வாதத்தை நிறுத்துவோம்.

சாலிஹோத்ரர் சிரஸ்ஸில் திருக்கரம் வைத்துச் சயனித்திருக்கும் வீரராகவன் நம்மையும் "எவ்வுள்?" என்றே கேட்கிறான். பொய்க்கு இடம் கொடுத்த உள்ளையும் மறையாது திறந்து காட்டுவோம். சுத்தி செய்துகொள்வது அவன் பொறுப்பு.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.