கறையும் வாய்மையும்

பழைமையின் சாயல் மலிந்துவிட்ட காலம் இது. இன்று எடுத்த நிழற்படத்தை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தியது போலக் காட்டக் கைப்பேசியில் விரல் பட்டால் போதும். மங்கலும் கீறலும் கறையும் நொடியில் வந்து படிகின்றன. இதனையும், பழைய முறையிலேயே பாடுபட்டு எடுத்த படத்தையும் ஒரே தராசில் நிறுக்கலாமா?

அமெரிக்க நிழற்படக் கலைஞர் சாலி மான், 2000ஆம் ஆண்டை அடுத்து எடுத்த ஆன்டீட்டம் போர்க்களப் படங்கள் இவ்வினாவுக்கு நல்ல உரைகல். மேரிலாந்திலுள்ள அவ்வயல்வெளியில் 1862 செப்டம்பர் 17 அன்று ஒரே பகலில் ஏறக்குறைய 23,000 பேர் மாண்டனர், காயமுற்றனர், அல்லது காணாமற்போயினர். சில நாட்களுக்குள் அலெக்சாண்டர் கார்ட்னர் அங்குச் சென்று, கிடந்த உடல்களைப் படமெடுத்தார். அவர் கையாண்டது, 1851இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் கொலோடியனைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்துத் துலக்கிவிட வேண்டும். மான் அம்முறையையே மேற்கொண்டார். அவர் படங்களில் உடல்கள் இல்லை. நிலமும் மரமும் வானமுமே உள்ளன. தூசியும், கரைசல் வழிந்த தடமும் அவற்றில் நின்றுவிட்டன. அவர் அவற்றை விலக்கவில்லை, வரவேற்றார்.

நெடுநாள் சுஜூது செய்தவரின் நெற்றியில் தழும்பு தானே தோன்றலாம். அதனைக் கல்லில் உரசி வரவழைத்துக் கொள்பவனும் உண்டு. காண்போர்க்கு இரண்டும் ஒன்றே. ஒன்று இக்லாஸின் அடையாளமா, மற்றது ரியாவா என்பதை உள்ளங்களை அறிந்த அல்லாஹ்வே அறிவான்.

அப்படியாயின், தழும்பை வரவேற்பதும் ரியாவின் வாசற்படியன்றோ? கேள்வி நியாயமானதே. உழைப்பு மட்டும் ஒருவரைக் காவாது. இரவெல்லாம் நின்று வணங்கியவனும் பிறர் புகழுக்காக நின்றிருக்கலாம். எனவே, கறை எவ்வாறு வந்தது என்பதோடு, அது எதைச் சுட்டுகிறது என்றும் நோக்க வேண்டும். அழகுக்கென ஏற்றிய கறை, ஏற்றியவரின் ரசனையைச் சுட்டுகிறது. ஆன்டீட்டம் படத்தின் கறையோ மாண்டோரைச் சுட்டுகிறது. மண் அவர்களை மூடிக்கொண்டது, நம் பார்வை அங்கே தெளிவாகச் செல்லாது என்று அது ஒப்புக்கொள்கிறது. துலக்கமான வண்ணப் படம் அதே வயலை உல்லாசப் புல்வெளியாகக் காட்டியிருக்கும்.

கப்ருகளை ஸியாரத் செய்பவர் மண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்புவதில்லை. மண்ணுக்குள் இருப்போரையும், தாமும் அங்கே செல்லவிருப்பதையும் எண்ணுகிறார். நிலத்தைக் காண்போரை அவ்வாறு எண்ணச் செய்யும் கறை பொய்யன்று. அந்த எண்ணத்துக்கு உதவாத கறை, எத்துணை பாடுபட்டு ஏற்றினும், வெறும் ஒப்பனையே.