கட்டுப்பாடும் ஒழுக்கமும்

மாலைப் பூசை முடிந்து ஆலய வீதியில் சற்றுநேரம் இளைப்பாறும் பெரியவர்களின் பேச்சிலே, "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு ஒழுக்கமில்லை" என்ற வசனம் தவறாமல் இடம்பெறும். இதைக் கேட்டிராத அடியார்கள் எமது ஊரில் இருக்க மாட்டார்கள். எமது தகப்பன்மார் எம்மைப் பற்றி இதையே சொன்னார்கள். அவர்களைப் பற்றி அவர்களுடைய தகப்பன்மாரும் சொல்லியிருப்பார்கள். ஆகவே இந்த முறைப்பாட்டைச் சற்று ஒருபுறம் வைத்துவிட்டு, ஒழுக்கம் என்றால் என்ன, அது யாரிடத்தில் முதலில் இருக்க வேண்டியது என்பவற்றை இம்மலரின் வாயிலாக அடியார்களுடன் சேர்ந்து சிந்திக்க விரும்புகின்றேன்.

ஒழுக்கம் என்னும் சொல் 'ஒழுகு' என்ற அடியிலிருந்து பிறந்தது. நீர் ஒழுகுவது போல, இடையறாது ஒரு வழியிலே நடந்துகொண்டிருப்பதை அது குறிக்கும். கட்டுப்பாடு என்ற சொல்லுக்குள் இருப்பதோ 'கட்டு'. கட்டுவதற்கு ஒரு கயிறு வேண்டும். கட்டுகின்ற ஒரு கையும் வேண்டும். பேச்சு வழக்கிலே நாம் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். பிள்ளையை அடித்துப் படிக்க வைப்பதையும் ஒழுக்கம் என்கின்றோம்; ஒருவர் தாமாகவே பொய் சொல்லாது வாழ்வதையும் ஒழுக்கம் என்கின்றோம். திருவள்ளுவ நாயனார் அடக்கமுடைமையை 13ஆம் அதிகாரமாகவும் ஒழுக்கமுடைமையை அதற்கடுத்த 14ஆம் அதிகாரமாகவும் வைத்துள்ளார். இரண்டுமே இல்லறவியலில் வருவன. வீடு வாசல், பிள்ளை குட்டி, கொடுக்கல் வாங்கல் உள்ளவனை நோக்கிச் சொல்லப்பட்டவை. இரண்டிலும் பேசப்படுவது ஒருவன் தன்னைத் தான் நடத்திக்கொள்ளும் முறை பற்றியே. மீறினாலும் கேட்பார் எவருமில்லை என்ற நிலையிலும் ஒருவர் தம்மீது வைத்துக்கொள்ளும் வரம்பைத்தான் ஒழுக்கம் என்று சொல்லலாம் என்பது என்னுடைய துணிபு.

அரசாங்க எழுதுவினைஞர் சேவையில் முப்பது வருடங்களுக்கு மேல் இருந்தவன் என்ற வகையில் இதற்கு எனக்குத் தெரிந்த உதாரணம் வரவுப் பதிவேடு. காலையில் வேலை தொடங்கும் நேரம் கழிந்து, சலுகை நேரமும் கழிந்ததும் அதில் ஒரு சிவப்புக் கோடு கீறப்படும். கோட்டுக்குக் கீழே ஒப்பமிட்டவர் பிந்தி வந்தவர். நான் வேலை செய்த ஓர் அலுவலகத்தில் தலைமை அதிகாரி எட்டேகால் மணிக்கே தமது கதிரையில் இருப்பார். அங்கே கோடு கீறப்பட்டது. ஆனால் அதன் கீழே பெரும்பாலும் பெயர் இருக்காது. அவர் எவரையும் ஏசி நான் கேட்டதில்லை. இன்னோர் அலுவலகத்தில் அதிகாரி பத்து மணிக்கு வருவார். வந்தவுடன் பதிவேட்டைக் கேட்பார், சத்தமிடுவார். அங்கே கோட்டுக்கு மேலே நண்பர்களுக்காக வெற்றிடம் விட்டு ஒப்பமிடுகின்ற ஒரு கலை சிறப்பாக வளர்ந்திருந்தது. இரண்டு இடங்களிலும் இருந்தது ஒரே தாபன விதிக்கோவைதான்.

பின்னர் விரல் அடையாள இயந்திரம் வந்தது. அதை ஏமாற்றுவது கடினம். ஆனால் அந்த இயந்திரத்துக்குத் தெரிவது வாசலுக்கு வந்த நேரம் மாத்திரமே. விரலை வைத்துவிட்டுத் தேநீர்க் கடைக்குப் போகிறவரை அது அறியாது. நெடுந்தீவிலிருந்து விடியப் படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து, விதவை ஓய்வூதியப் பத்திரத்தோடு வந்து நிற்கும் ஓர் ஆச்சியிடம், "நாளைக்கு வாங்கோ ஆச்சி" என்று சொல்வதையும் அது பதியாது. சொல்பவருக்கு அது மூன்று சொல். அந்த ஆச்சிக்கு மறுபடியும் ஒரு கடற்பயணம், ஒரு நாட் சாப்பாடு, கூட வந்த மகனின் ஒரு நாட் கூலி. அந்தக் கோவை மேசையின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு நகரப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்கும்படி எந்த விதிக்கோவையாலும் கட்டாயப்படுத்த முடியாது. என்னுடைய அனுபவத்தில் அரச சேவையின் ஒழுக்கம் முழுவதும் அந்தப் பத்து நிமிடத்திலேதான் தங்கியிருந்தது.

எமது சைவ சமயம் இதை நன்றாக உணர்ந்தே தனது வழியை வகுத்திருக்கின்றது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கிலே முதலாவதான சரியையில் பெரிய தத்துவம் எதுவுமில்லை. ஆலயத்தைக் கூட்டுதல், மெழுகுதல், பூப்பறித்தல், மாலை கட்டுதல், விளக்கேற்றுதல் ஆகியனவே அங்கே கூறப்படுகின்றன. திருநாவுக்கரசு சுவாமிகளின் திருக்கையில் இருப்பது உழவாரம்; புல்லுச் செதுக்குகின்ற கருவி. அத்துணை பெரிய ஞானியார் புல்லுச் செதுக்கியிருக்க, நாம் செதுக்கினால் கௌரவம் குறைந்துவிடும் என்று எண்ணுகின்றோம். திருமூலரும் எட்டு உறுப்புகளைக் கொண்ட யோகத்தை எடுத்துரைக்கும்போது இயமம், நியமம் என்ற இரண்டையும் முதலிலே வைத்து, ஆசனத்தையும் மூச்சை ஒழுங்குபடுத்தும் பிராணாயாமத்தையும் பின்னரே வைத்தார். இன்றைக்குக் காசு கட்டி யோகாசனம் பழகுகிறவர்கள் பலர் மூன்றாவது படியிலிருந்து ஏறத் தொடங்குகிறார்கள். முதலிரண்டு படிகளையும் யாரும் விற்பதில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

விரதமும் அத்தகையதே. கந்தசஷ்டிக்கு ஐப்பசி அமாவாசைக்கு மறுநாளாகிய பிரதமை தொடக்கம் ஆறு நாட்கள் நோன்பிருக்கின்றோம். வீட்டில் எல்லோரும் உறங்கிய பின் குசினியில் பாற்பானை இருக்கின்றது. எடுத்துக் குடித்தால் எந்த அதிகாரியும் சிவப்புக் கோடு கீறப் போவதில்லை. குடியாமல் வந்து படுக்கின்ற அந்த அம்மாவுக்கு ஒழுக்கத்தைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்யத் தேவையில்லை. (விரதகாரருடைய சினத்துக்குப் பயந்து வீட்டார் ஒதுங்கி நடக்கின்ற வீடுகளும் உண்டு. அங்கே பட்டினி கிடப்பது உண்மை. விரதம் நடைபெறுகின்றதா என்பதை முருகப் பெருமானே அறிவார்.)

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கீழ்ப்படிதல் எப்போதும் நல்லதா? நாசி ஜேர்மனியில் யூத மக்களைக் கொலை முகாம்களுக்கு அனுப்பும் வேலையை ஒழுங்குபடுத்திய அடொல்வ் ஐக்மன் 1961ஆம் ஆண்டில் ஜெருசலேமில் விசாரிக்கப்பட்டபோது, தான் மேலிடத்து ஆணைகளையே நிறைவேற்றியதாக வாதிட்டான். புகையிரத அட்டவணைகளும் கோவைகளும் பட்டியல்களும் ஒழுங்காகவே இருந்தன. ஓர் எழுதுவினைஞனாக இருந்தவனுக்கு இதைப் படிக்கும்போது மனம் நடுங்கும். எழுத்து வேலை பிழையின்றி நடந்திருக்கிறது. அதன் முடிவில் மனிதர்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. எமது மண்ணிலே 'ஊர்க்கட்டுப்பாடு' என்ற பெயரில் என்னென்ன நடந்தன என்பது எமது தலைமுறையினருக்குத் தெரியும். இன்னார் இன்ன கிணற்றில் அள்ளக் கூடாது, இன்னார் தேநீர்க் கடையில் இருந்து குடிக்கக் கூடாது, இன்னார் கோவில் வாசலுக்கு வெளியே நின்று கும்பிட வேண்டும் என்றெல்லாம் வகுத்துவிட்டு, அதை மீறியவர்களை ஒழுக்கமற்றவர்கள் என்றார்கள். சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யும் சட்டம் 1957ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அப்படியிருந்தும் 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் போராட வேண்டியிருந்தது. இதை ஆலய மலரில் எழுத வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். ஆலய மலரில்தான் எழுத வேண்டும். அந்த விதிகளை வகுத்தவர்களை அந்த விதிகளில் ஒன்றாவது கட்டியதுண்டா என்று கேட்டுப் பார்த்தால், அது எத்தகைய கட்டுப்பாடு என்பது விளங்கிவிடும். இன்றும் ஓர் ஊரில் எவரேனும் ஒழுங்கு, மரபு என்று உரத்துப் பேசினால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: அந்த ஒழுங்கால் பேசுகிறவருக்கு ஏதேனும் சிரமம் உண்டா?

இதற்கு மாறாக, தாமே சிரமத்தை ஏற்றுக்கொண்ட ஒரு தலைவரை எடுத்துக்கொள்வோம். 1922 பெப்ரவரியில் சௌரி சௌரா என்ற இடத்தில் ஒத்துழையாமை இயக்கத்தைச் சேர்ந்த கூட்டத்தினர் கோபங்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குத் தீயிட்டதில் 20இற்கும் மேற்பட்ட பொலிசார் மாண்டனர். அப்போது இயக்கம் இந்தியா முழுவதும் உச்சத்தில் இருந்தது. காந்தியடிகள் அதை நிறுத்திவிட்டார். தாம் ஐந்து நாட்கள் உண்ணாநோன்பும் இருந்தார். சிறையிலிருந்த நேரு முதலானோர்கூட மனம் வெதும்பினார்கள். அரசியல் ரீதியில் அது சரியா பிழையா என்று இன்றும் வாதிடுகிறார்கள். அந்த வழக்கைத் தீர்க்க நான் ஆளல்ல. வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, தமது பக்கத்தார் செய்த குற்றத்துக்காகத் தம்மைத் தாமே வருத்திக்கொண்டவர் என்பதை மட்டும் குறித்துக்கொள்கின்றேன். அவர் 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்தபோது இங்குள்ள மக்கள் திரண்டது பேச்சு வன்மைக்காக மாத்திரம் அல்ல என்று நினைக்கின்றேன்.

சமுதாய ஒழுங்கு எங்கே முறிகின்றது என்பதை 2022ஆம் ஆண்டு எரிபொருள் வரிசைகளில் நாம் எல்லோரும் கண்கூடாகக் கண்டோம். இரவு பகலாக, சிலவேளை நாட் கணக்கில் மக்கள் காத்துக் கிடந்தார்கள். சைக்கிளுக்கு அடுத்து மோட்டார் சைக்கிள், அதற்கு அடுத்து முச்சக்கர வண்டி என்று தாமாகவே வரிசைகள் அமைத்தார்கள். வீட்டுக்குப் போய்க் குளித்து வருபவரின் இடத்தைப் பக்கத்தில் நின்றவர் காத்துக் கொடுத்தார். வாலில் நின்றவர்கள் வரிசையைக் குழப்பியதை நான் அதிகம் காணவில்லை. முன்னாலே எவரோ ஒருவர் செல்வாக்கைக் காட்டிக் கலனை நிரப்பிக்கொண்டு போனார் என்ற செய்தி வந்த மறு கணமே கலவரம் தொடங்கியது. பின்னர் கியூஆர் முறை வந்து எல்லா வாகனத்துக்கும் கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று அளவு வைத்ததும், நீண்ட வரிசைகள் படிப்படியாகக் குறைந்தன. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. என்றாலும் ஆளுக்கு ஆள் அளவு மாறாது என்ற நம்பிக்கை வந்ததும் மக்கள் அமைதியடைந்தார்கள் என்பது உண்மை.

எமது தேர்த் திருவிழாவைச் சற்று எண்ணிப் பாருங்கள். வடம் பிடிக்கின்ற நூற்றுக்கணக்கானோரை எல்லோருக்கும் தெரியும்; படமும் எடுப்பார்கள். சில்லடியிலே குனிந்து முட்டுக்கட்டை வைக்கின்றவரை எவரும் பார்ப்பதில்லை. ஒரு நல்ல காரியத்தைத் தடுப்பவனை 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று சொல்லி அந்தக் கட்டையின் பெயரையே கெடுத்துவிட்டோம். உண்மையில் தேரைத் திருப்புவதும், சரிவிலே ஓடவிடாமல் பிடிப்பதும், தேர்முட்டியில் சரியாக நிறுத்துவதும் அந்தக் கட்டைதான். வடத்துக்கு இழுக்க மட்டுமே தெரியும். அந்த வேலைக்கு வருபவர் தேர் நகரும்போது அண்ணாந்து சுவாமியைத் தரிசிக்க முடியாது. கண் முழுவதும் சில்லிலேயே இருக்க வேண்டும். ஆயிரம் பேரின் தரிசனத்துக்காகத் தம் தரிசனத்தை விட்டுக்கொடுக்கின்ற அவரை, ஆலய நிர்வாகத்தில் இருக்கின்ற நாம் எல்லோரும் அன்றைய தினம் ஒரு தடவையாவது கவனித்துப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளின் விடயத்துக்கும் வருவோம். யப்பானில் பெரும்பாலான பாடசாலைகளில் மாணவர்களே தமது வகுப்பறைகளைத் துப்புரவு செய்கிறார்கள். 2022ஆம் ஆண்டு உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டி முடிந்த பின் அந்நாட்டு இரசிகர்கள் மைதானத்துக் குப்பைகளைப் பொறுக்கியதைப் பத்திரிகைகளில் வியந்து எழுதினார்கள். எமது பிள்ளைகளும் பாடசாலையில் கூட்டுகிறார்கள்தான். ஆனால் அன்னதானம் முடிந்ததும் வாழையிலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகின்ற தகப்பனைப் பார்த்துக்கொண்டும் இருக்கிறார்கள். தீபாராதனை நேரத்தில் கைத்தொலைபேசியில் பேசும் தாய், பிள்ளையைப் பார்த்து "சத்தம் போடாமல் கும்பிடு" என்கிறார். பிள்ளை சொல்லைவிடச் செயலை விரைவாகப் படித்துவிடும்.

இறுதியாக எமது ஆலயத்தைப் பற்றிய ஒரு விடயம். நல்லூர்க் கந்தசுவாமி கோவிலின் நேரந் தவறாமையைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகின்றோம். மணி ஒலித்தால் பூசை. யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்ப்பதில்லை. ஆண்கள் மேலாடை களைவதில் பதவி பார்ப்பதில்லை. அர்ச்சனைச் சிட்டையையும் பல்லாண்டு காலமாக ஒரு ரூபாவாகவே வைத்திருந்தார்கள். ஏழைக்கும் செல்வந்தருக்கும் அதே சிட்டை. ஆனால் எமதூரிலோ, உபயகாரர் வெளிநாட்டிலிருந்து வந்து இன்னும் வெளிக்கிடவில்லை என்பதற்காக வசந்த மண்டபப் பூசை ஒரு மணித்தியாலம் பிந்துவதும், தூரத்திலிருந்து நடந்து வந்த முதியவர்கள் கடைசிப் பஸ்ஸைத் தவறவிடுவதும் நடைபெறுகின்றது. உபயகாரர்கள் செய்யும் தொண்டு பெரிது. அவர்களுடைய பணமின்றி இராசகோபுரத் திருப்பணி நடந்திராது. அவர்களைக் குறைகூற நான் இதை எழுதவில்லை. அவர்களிலே எவரும் பூசையைப் பிந்தச் சொல்லிக் கேட்டதாகவும் தெரியவில்லை. பிந்த வைப்பது நிர்வாகத்தினராகிய எமது முகத்தாட்சணியம்.

பூசை நேரங்கள் எழுதிய பலகை ஆலய வாசலில் நீண்ட காலமாகத் தொங்குகின்றது. அது பரிபாலன சபையாரையே முதலில் கட்டுப்படுத்தும் என்றும், காளாஞ்சி வழங்கும் ஒழுங்கு தவிர வேறெந்த விடயத்திலும் உபயகாரருக்காகவோ சபை உறுப்பினருக்காகவோ பூசை காத்திருக்கக் கூடாது என்றும் ஒரு பிரேரணையைச் சபைக் கூட்டத்தில் சமர்ப்பித்துள்ளேன். இதனை எதிர்ப்பவர்களும் சபையில் உள்ளனர். அவர்களுடைய காரணங்களும் கேட்கத் தக்கவையே. அடுத்த பொதுக்கூட்டத்தில் இது விவாதத்துக்கு வரும். வழிபடுவோர் அனைவரும், விசேடமாகக் கடைசிப் பஸ்ஸில் போகின்றவர்கள், அன்று தவறாமல் வந்து தமது அபிப்பிராயத்தைத் தெரிவிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கின்றேன். கூட்டம் குறித்த நேரத்துக்குத் தொடங்கும்.