சாலையின் ஹக்கு

பினாங்கில் நாம் வெல்ட் கீ என்றும், தெருப் பலகை பெங்காலான் வெல்ட் என்றும் சொல்லும் கரைச் சாலையைப் பற்றி, நம் வியாபாரிகள் எங்கே கூடினாலும் ஒரே முறையீடுதான். லோரி நகரவில்லை, சரக்கு நேரத்திற்கு வரவில்லை, வாடிக்கைக்காரர் வண்டி நிறுத்த இடமின்றித் திரும்பிப் போகிறார், ஆகவே சாலையை அகலப்படுத்த வேண்டும். இருபது ஆண்டுகளாக நாமும் இதையே சொல்லி வந்தோம். இப்போது சொல்லச் சற்றுத் தயங்குகிறோம். அது ஏன் என்பதை எழுதுகிறோம்.

அந்தச் சாலை ஆதியில் இருந்த நிலமன்று. முன்னாளில் பீச் தெருதான் கடற்கரை. 1880களில் கடலைத் தூர்த்து வெல்ட் கீயை உண்டாக்கினார்கள். பழைய தெருக்கள் அந்தப் புது நிலத்தின்மேல் நீண்டு, சூலியா தெரு காட், சர்ச் தெரு காட் எனப் பெயர் பெற்றன. காட் என்பது இந்தியாவில் படித்துறைக்கு வழங்கும் சொல்லே. ஆகவே அந்தச் சாலை பிறந்தது வாணிபத்திற்காகத்தான், அதில் ஐயமில்லை. நடுக்கடலில் நின்ற கப்பல்களிலிருந்து தொங்காங்குகளில் சரக்கு வந்திறங்கியதும், அவற்றில் நம்மவர்கள் உழைத்ததும் இக்கரையில்தான். நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பல் வந்து ஆளிறக்கிய காலத்தை நமது அத்தா கண்ணால் கண்டவர்கள்.

ஆனால் அதே சாலையின் கடற்புறத்தில் ஜெட்டிக் குடியிருப்புகள் இருக்கின்றன. சியூ, லிம், டான், லீ, இயோ எனக் குலப் பெயர் கொண்ட சீனர்கள் துறைமுக வேலைக்கு வந்து, தண்ணீருக்குமேல் கால் நட்டு, பலகை போட்டு வீடு கட்டிக் கொண்டார்கள். அவர்களுக்குப் பின்புறம் கடல், முன்புறம் சாலை. பள்ளிக்கூடம், சந்தை, மருந்துக் கடை யாவும் சாலைக்கு அப்பால். நமக்கு அச்சாலை சரக்கு வரும் வழி. அவர்களுக்கோ அது வீட்டு வாசற்படி.

காலமும் மாறிவிட்டது. 1969இல் சுங்கமில்லாத் துறைமுகம் என்ற சலுகை போயிற்று. பெட்டிச் சரக்கெல்லாம் அக்கரையில் பட்டர்வொர்த்தில் இறங்குகிறது. 1985இல் பாலம் வந்தது. பாலத்தின் பக்கமிருந்து கரையோரமாக வரும் நெடுஞ்சாலை, அதாவது 2010 முதல் துன் டாக்டர் லிம் சோங் இயூ பெயர் தாங்கியது, தன் வண்டிகளை எல்லாம் கொண்டுவந்து வெல்ட் கீயில் கொட்டுகிறது. 2008இல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரம் ஆனபின், ஜெட்டிகளைப் பார்க்க வருவோரின் பேருந்துகளும் சேர்ந்தன. 2021 முதல் பெர்ரி, கார்களை ஏற்றுவதில்லை. 2023இல் வந்த புதுப் பெர்ரிகளும் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் சைக்கிள்களையுமே ஏற்றுகின்றன. ஆகவே பெர்ரியில் இறங்குவோரில் பலர் கால்நடையாக வருபவர். அடுத்து ஒரு பேருந்து தேவைப்படுபவர். அந்தப் பேருந்து நகர முடியாமல் நிற்கும்போது, அதன் முன்னே நிற்பது எது என்று நாம் எட்டிப் பார்த்ததுண்டா? பல நாள் அது நம் லோரிதான்.

நம் கடையிலேயே நடந்ததைச் சொல்கிறோம். ஒரு காலைப் பொழுது வெங்காய மூட்டைகள் வந்திறங்கின. வழக்கம்போல் அஞ்சடியில் அடுக்கினோம். லோரியும் ஓரத்தை அடைத்துக்கொண்டு நின்றது. ஜெட்டியிலிருந்து தினமும் பேருந்துக்குப் போகும் சீனத்து மூதாட்டி ஒருவர், நம்மிடம் கொத்தமல்லித் தூள் வாங்குபவர், அஞ்சடியில் வழியில்லாமல் லோரியைச் சுற்றிச் சாலையில் இறங்கினார். மோட்டார் சைக்கிள் ஒன்று உராய்ந்து கீழே விழுந்தார். முழங்காலில் காயம், அல்லாஹ் காத்தான், எலும்புக்கு ஒன்றுமில்லை. தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தோம். அவர் நம்மை ஒரு வார்த்தை ஏசவில்லை. தம் பேருந்து போய்விட்டதா என்றுதான் மலாயில் கேட்டார். போய்விட்டிருந்தது.

மோட்டார் சைக்கிள்காரனைத் திட்டுவது எளிது; அன்று நாமும் நன்றாகவே திட்டினோம். இரவு கணக்குப் புத்தகத்தை விரித்தபோதுதான் மனம் உறுத்திற்று. தராசில் ஒரு குண்டுமணி குறைந்தால் ஹராம் என்று அஞ்சுகிறோம். அஞ்சடியில் மூன்றடியை எடுத்துக்கொண்டபோது நமக்கு அந்த அச்சம் வரவில்லையே! வழிக்குரிய ஹக்கைக் கொடுக்க வேண்டும் என்றும், பிறருக்குத் தொல்லை தருவதை வழியிலிருந்து அகற்றுவது ஈமானில் ஒரு கிளை என்றும் மத்ரஸாவில் சிறு வயதிலேயே கற்றோம். அதை முள், கல் என்றே நினைத்திருந்தோம். வெங்காய மூட்டை என்று நினைக்கவில்லை.

ஒரு நண்பர் இதற்கு மறுப்புச் சொன்னார். வாணிபம் இல்லையேல் இந்தக் கரையே இல்லை, ஜெட்டிக்காரர்களும் வாணிபத்தால் வந்தவர்களே, சரக்குக்கு முதலிடம் கொடுப்பதில் அநியாயம் என்ன என்பது அவர் வாதம். வாதத்தில் பாதி உண்மை. ஆயினும் வேகம் என்பது வானத்திலிருந்து இறங்குவதில்லை. சாலையை அகலப்படுத்தி நமது லோரிக்குப் பத்து நிமிஷம் மிச்சம் பிடித்தால், குறுக்கே கடக்கிற கிழவர் அந்த அகலத்தைத் தம் காலால் அளந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. நம் புத்தகத்தில் வரவு எழுதும் அந்தப் பத்து நிமிஷம் யார் புத்தகத்தில் பற்று ஆகிறது? அவரைக் கேட்டா எழுதினோம்? கேளாமல் எடுத்ததற்குக் கடன் என்ற பெயர் கூடப் பொருந்தாது.

செய்யக்கூடியது பெரிய காரியமன்று. கடைகளுக்குச் சரக்கு இறக்குவதை விடியற்காலையோடு முடித்துவிடலாம். நாலு கடைக்கு நாலு லோரி வருவதற்குப் பதில் ஒரே லோரி வரலாம். கிட்டங்கி வைத்திருப்பவர்கள் மனம் வைத்தால் நாளையே நடக்கும். பேருந்து நிற்குமிடத்தில் சக்கரம் வைக்காமல் இருக்கலாம். ஜெட்டி வாசலில் முதியவர் நடைக்கு ஏற்ற நேரம் எரியும் விளக்கு வேண்டுமென, அகலச் சாலை கேட்டு மனுப் போட்ட அதே கையால் மனுப் போடலாம். 2025 ஜனவரியில் தொடக்க விழா நடந்த ரயில் திட்டத்தின்படி கடலைத் தாண்டி பட்டர்வொர்த் வரை ரயில் ஓட வேண்டும், ஓடட்டும், நல்லதே. ரயில் வந்தாலும் அஞ்சடியைக் காலி செய்ய வேண்டியவர்கள் நாம்தான்.

நமது லோரி இப்போது காலை ஆறரைக்கே வந்து போகிறது. வெங்காயம் உள்ளே இருக்கிறது. நாம் நிற்கத்தான் இடமில்லை. அந்த மூதாட்டி மறுபடியும் நம்மிடமே கொத்தமல்லித் தூள் வாங்குகிறார்; சற்று நொண்டி நடக்கிறார். அடுத்த கடைக்காரரின் பிஸ்கட் தகரங்கள் இன்னும் அஞ்சடியில்தான் இருக்கின்றன. அவரிடம் பேச வேண்டும். நீங்கள் இருபது ஆண்டு செய்ததை நான் இன்னும் கொஞ்ச நாள் செய்யக் கூடாதா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், இந்த வெள்ளிக்கிழமையும் ஸலாம் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.