தற்புகழ்ச்சியும் உதவித்தொகைக் கட்டுரையும்

மேற்படிப்புக்கான உதவித்தொகையை வேண்டி எழுதப்படும் கட்டுரையில், ஒருவர் தம்மைத் தாமே மதிப்பிட்டு, அம்மதிப்பீட்டை முன்பின் அறியாத தேர்வுக் குழுவினர்முன் வைத்து, பிறருக்கும் கிடைக்கக்கூடிய பொருளைத் தமக்குத் தரும்படி கேட்கிறார். ஆதலின் மொழித்திறனைச் சோதிப்பதற்கு முன்பே அது ஓர் அறச்சிக்கலை எழுப்பிவிடுகிறது. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1952 முதல் வழங்கிவரும் ஆய்வு உதவித்தொகைக்கு, மாணவர் தம் பின்னணியையும் எதிர்கால நோக்கங்களையும் 3 பக்கங்களிலும், செய்யக் கருதும் ஆய்வை 2 பக்கங்களிலும் எழுத வேண்டும். அறிவுத்தகுதி, ஆய்வினால் சமூகத்துக்கு விளையும் பயன் என்னும் இரண்டு அளவுகோல்களால் அவை மதிப்பிடப்படுகின்றன. அடக்கத்தை நற்பண்பாகக் கற்று வளர்ந்த ஒருவர் இப்பக்கங்களை நேர்மை குன்றாமல் எழுத இயலுமா என்பதே வினா.

பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பாயிரத்தில் இவ்வினாவின் பெரும்பகுதியைத் தீர்த்து வைத்திருக்கிறார். எத்துணைக் கற்றவனாயினும் தன்னைத் தான் புகழ்தல் தகாது என்று விலக்கி, நூலாசிரியனின் சிறப்பைச் சொல்லும் பொறுப்பை அவனுடைய ஆசான், உடன் கற்றோன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோரிடம் ஒப்படைக்கும் அவர் (இன்றைய பரிந்துரைக் கடிதங்களின் நியாயமும் இதுவே), விதிவிலக்குகளையும் உடன் வகுக்கிறார்: அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதார் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிராளி தன்னைப் பழித்தபோதும் புலவன் தன்னைப் புகழலாம். புலவர் புரவலரிடம் உதவி வேண்டி விடுக்கும் செய்யுள் மடலாகிய சீட்டுக்கவி முதல் விலக்கின்பாற் படும். உதவித்தொகைக் கட்டுரைக்கு இதனினும் நெருங்கிய முன்னோடியைக் காண்பது அரிது. இரண்டாம் விலக்கு இன்னும் அடிப்படையானது. ஏனெனில் அறிய வழியில்லாதவருக்குத் தன் திறனை அறிவிப்பது, புகழ்ச்சியின் தோற்றத்தில் இருந்தாலும், தகவல் தருவதேயாகும்.

எனினும் புகழலாம் என்ற இசைவு, எவ்வளவு புகழலாம் என்பதைச் சொல்லிவிடாது. அரிஸ்டாட்டில் நிக்கோமாக்கிய அறவியலின் நான்காம் நூலில், தன்னைப்பற்றிய வாய்மையை, இல்லாததை உண்டெனக் காட்டும் வீம்புக்கும் உள்ளதை மறைத்துக் குறைத்துரைக்கும் பாசாங்குக்கும் இடைப்பட்ட நிலையாக வைக்கிறார். மிகைப்படுத்தல் புகழுக்காக நிகழ்ந்தால் பெரும்பழிக்கு உரியதன்று என்றும், பொருளுக்காக நிகழ்ந்தால் இழிந்தது என்றும் அவர் பிரிப்பது, ஆண்டுக்கு 37,000 டாலர் வீதம் 3 ஆண்டுகளுக்குத் தரும் மேற்சொன்ன உதவித்தொகையை நாடுவோருக்கு வசதியான செய்தியன்று. உண்மையாளன் சற்றே குறைத்துச் சொல்லும் பக்கம் சாய்வான் என்று அவர் கூறுவது நட்பு வட்டத்தில் பொருந்தும். போட்டியிலோ, ஒருவர் செய்த ஆய்வைக் குறைத்துச் சொல்வதும் குழுவின் தீர்ப்பைப் பிறழச் செய்யும் பொய்யாகவே முடியும்.

தற்புகழ்ச்சியைவிட ஆழமான இடர் வாழ்க்கையைக் கதையாக்குவதில் இருக்கிறது. சிறு வயதில் கண்ட ஒரு விண்மீனோ குடும்பத்தில் நேர்ந்த ஒரு நோயோ இன்றைய ஆய்வுக்கு வித்திட்டதாக எழுதுவது இவ்வகைக் கட்டுரைகளில் வழக்கமாகிவிட்டது. தற்செயலாகக் கிடைத்த பாடப்பிரிவையும் இடமிருந்ததால் சேர்ந்த ஆய்வகத்தையும் ஊழ்போல் கோத்துக் காட்டுவதற்கு இதுவே எளிய வழி. மனிதர் தம் வாழ்வைக் கதையாகவே உணர்கிறார்கள், அவ்வாறு உணர்வதே நன்று என்னும் இரண்டு கருத்துகளையும் கேலன் ஸ்ட்ராசன் என்னும் மெய்யியலாளர் 2004இல் வெளியான கட்டுரையில் மறுத்தார். அவர் சொல்வது சரியாயின், தொடர்கதையாக வாழாத ஒருவரைக் கட்டுரை தன் வடிவத்தாலேயே பொய்யுரைக்கத் தூண்டுகிறது. வறுமையையும் இழப்பையும் தகுதிச் சான்றாக மாற்றும் போக்கு இதனினும் கொடியது. தடைகளைத் தெரிவிப்பது நியாயமே. ஆனால் துயரம் எவ்வளவு உருக்கமாகச் சொல்லப்படுகிறதோ அவ்வளவு மதிப்பெண் என்றாகும்போது, எழுதியவரைக் காட்டிலும் அவ்வாறு படிக்கப் பழகிய குழுவினரே பொறுப்பாளிகள்.

இதற்கு மாறாக, ஆய்வுத் திட்டத்தை எழுதும் 2 பக்கங்கள் எதிர்காலத்தைப் பற்றியவையாயினும் அறநோக்கில் இடர் குறைந்தவை. இவ்வுதவித்தொகை திட்டத்துக்கன்றி ஆளுக்கே வழங்கப்படுவதால், பின்னர் ஆய்வுப்பொருள் மாறக்கூடும் என்பதை எழுதுபவரும் படிப்பவரும் அறிவர். அங்கே சோதிக்கப்படுவது, ஒரு கேள்வியை எவ்வாறு எழுப்புவது, எந்தச் சான்றால் அதைத் தீர்ப்பது, எது கிடைத்தால் தம் கருதுகோளைக் கைவிடுவது என்பவற்றில் அவருக்குள்ள தெளிவாகும்.