கடவுள் பெயர் சொல்லாத சபை

பிடித்த பாட்டை நண்பருக்குப் போட்டுக் காட்டுகிறவர் பாட்டைக் கவனிப்பதில்லை; நண்பரின் முகத்தைத்தான் பார்க்கிறார். அவருக்கும் பிடித்துவிட வேண்டுமே என்ற தவிப்பு எங்கிருந்து வருகிறது? ஜெர்மானியத் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட் 1790-இல் இதற்கு விடை சொல்ல முயன்றார். கேனரித் தீவு ஒயின் ருசியானது என்பவர், தன் நாவுக்கு அப்படி என்று ஒப்புக்கொள்ளத் தயங்கமாட்டார். ஆனால் ஒன்றை அழகு என்பவர் எல்லோரும் அதை ஆமோதிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். அந்த எதிர்பார்ப்பு ஒரு கூடம் நிறைந்த மனிதர்களிடையே ஒரே நேரத்தில் நிறைவேறினால், அதற்கு மதம் என்று பெயரிடலாமா? இடலாம் என்றே நான் கருதுகிறேன். அதற்குச் சான்று சிகாகோவில் இருக்கிறது.

அந்நகரின் தெற்கு ஜெபர்சன் தெருவில் 1977-இல் திறக்கப்பட்ட வேர்ஹவுஸ் என்ற கிளப்பில், நியூயார்க்கிலிருந்து வந்த ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்கத் தற்பாலின ஈர்ப்பாளர்கள். தங்கள் காதல் பாவம் என்று தேவாலயத்தில் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்களில் பலர். அதே நகரில் 1979 ஜூலை 12 அன்று, காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ எதிர்ப்பாளர்கள் அவ்வகை இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். புது டிஸ்கோ தட்டுகளின் வரத்து குறைந்தபோது, நக்கிள்ஸ் பழைய பாட்டுகளை ஒலிநாடாவில் வெட்டி ஒட்டினார். தாளம் மட்டும் ஒலிக்கும் இடங்களை நீட்டினார். பின்னாளில் டிரம் மெஷினையும் சேர்த்துக்கொண்டார். இப்படி உருவான ஹவுஸ் என்ற இசை வகைக்கு அந்தக் கிளப்பின் பெயரே நிலைத்தது. சில இரவுகளில் விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு, ஓடும் ரயிலின் ஒலிப்பதிவைப் போடுவார். இருட்டில் நிற்பவர்களுக்கு ரயில் கூடத்துக்குள்ளேயே புகுந்து போவது போலிருக்கும். அந்த இடத்தைத் தேவாலயம் என்று அவரே சொன்னதுண்டு.

அதை வெறும் உவமையாகத் தள்ளிவிடக் கூடாது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் சடங்குக் கூடல்களைப் பற்றிய பதிவுகளை ஆராய்ந்த பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம், 1912-இல் வெளியான நூலில், மதத்தின் ஊற்றுக்கண் கூட்டத்தின் கொந்தளிப்பில் இருக்கிறது என்றார். சேர்ந்து ஆடும்போது தன்னைவிடப் பெரிய சக்தி ஒன்று தன்னைத் தூக்கிச் செல்வதை மனிதன் உணர்கிறான். அந்த உணர்வுதான் புனிதம் என்ற எண்ணத்தைப் பெற்றெடுக்கிறது. மதத்துக்குத் தெய்வம் கட்டாயமில்லை என்பதற்கு அவர் பௌத்தத்தைக் காட்டினார்.

உரத்த தாளமும் தூக்கமின்மையும் போதையும் உடம்பில் செய்யும் வேலைக்குப் புனிதம் என்று பெயரா என்று கேட்கலாம். விரதமும் உடுக்கையும் சாம்பிராணியும் உடம்பின் வழியாகத்தான் வேலை செய்கின்றன. ஓர் அனுபவத்தை வேரை வைத்து அளக்காமல் கனியை வைத்து அளக்க வேண்டும் என்ற அமெரிக்கத் தத்துவஞானி வில்லியம் ஜேம்ஸின் வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது. வெளியே விரட்டப்பட்டவன் சில மணி நேரமாவது வெட்கமின்றி நிற்க முடிந்தது. அதுதான் இங்கே கனி. இதைவிடக் கனமான ஆட்சேபம் இன்னொன்று. மதம் கடமையைச் சுமத்துகிறது. பாட்டு நின்றபின் ஆடுகளம் எதைச் சுமத்துகிறது? இதை என்னால் முழுமையாக மறுக்க முடியாது. சாவு வீட்டில் துணை நிற்கவும் முதுமையில் தாங்கவும் ஒரு சபைக்கு உள்ள ஒழுங்கு கிளப்புக்கு இல்லை. ஆனால் யாரையும் வாசலில் நிறுத்தாதே என்பதும் ஒரு கடமைதான். பல சபைகள் கைவிட்ட அந்தக் கடமையை வேர்ஹவுஸ் ஏற்றுக்கொண்டது.

நக்கிள்ஸைக் கொண்டாடுவது தனிமனித வழிபாடு ஆகாதா என்ற கேள்வியும் உண்டு. ஹவுஸ் இசையின் ஞானத்தந்தை என்றே அவரை அழைக்கிறார்கள், ஆகவே அச்சத்துக்கு இடமிருக்கிறது. ஆனால் அவர் செய்த வேலையைப் பாருங்கள். சொந்தமாகவும் இசையமைத்தார் என்றாலும், பெரும்பகுதி அடுத்தவர் பாட்டை எடுத்து, இன்னும் பலர் சேர்ந்து ஆடும்படி மாற்றித் தந்ததுதான். சிறந்த ரீமிக்ஸ் கலைஞருக்கான கிராமி விருது 1998-இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அது அவருக்கே போனது. பிடித்த பாட்டை நண்பருக்குக் கொடுப்பவரின் வேலையையே அவர் வாழ்நாள் தொழிலாகச் செய்தார். அவருக்குச் செலுத்தும் நன்றி சேர்ந்து கேட்டவர்கள் எல்லோருக்கும் போய்ச் சேர்கிறது. 2014 மார்ச் 31 அன்று, 59 வயதில் அவர் இறந்தார். வேர்ஹவுஸ் இருந்த கட்டடத்தை 2023-இல் சிகாகோ நகர மன்றம் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக அறிவித்தது.